மாயப்பொருளுக்குப் பெயர் வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுதுகிறவர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை நம் ஊர்ப் பெயர்கள். ஒரு பெயர் எப்படிப் பிறக்கிறது, எப்படித் தேய்கிறது என்று பார்க்க, கெடிலக் கரையிலிருந்து அரிக்கமேடு வரை போய்வந்தாலே போதும். கற்பனைப் பொருள்களில் முக்கியமாக மூன்றைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறோம்: கடல்நீரில் எரியும் ஒரு விளக்கு, நிழலை மட்டும் வெட்டும் ஒரு கத்தி, அலையை நிறுத்தும் ஒரு கழி.

1. "எல்லா மாயப்பொருளுக்கும் பேர் வெச்சே ஆவணுமா? மந்திர வாள், மந்திரக் கல்னு விட்டா ஆகாதா?"

எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: அந்தப் பொருள் கண்ணெதிரில் இல்லாதபோதும் கதையில் யாராவது அதைப் பற்றிப் பேசுகிறார்களா? பேசினால் தனிப்பெயர் வேண்டும். கையில் இருக்கும்போது மட்டும் கதையில் வருகிற பொருளுக்கு "கத்தி", "அந்தக் கழி" என்றாலே போதும். ஒரே மாதிரி நூறு இருந்தால் வகைப்பெயர் வையுங்கள். கரைவலை, செவுள்வலை என்று மீனவர்கள் வகைக்குத்தான் பெயர் சொல்கிறார்கள், ஒவ்வொரு வலைக்கும் இல்லை.

"மந்திர" என்ற அடைமொழியை விட்டுவிடுங்கள். அது வெளியே நின்று பார்ப்பவரின் சொல். அந்த உலகத்தில் வாழ்கிறவருக்கு அது தினமும் புழங்கும் பொருள். நம் வீட்டில் யாரும் "மின்சார விளக்கை அணை" என்று சொல்வதில்லை, "லைட்டை அணை" என்கிறோம். எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும்: ஒரு நாவலில் தனிப்பெயர் உள்ள பொருள்கள் ஐந்தாறைத் தாண்டினால் வாசகர் பட்டியல் போட வேண்டி வரும். முதல் 20 பக்கங்களுக்குள் இரண்டுக்கு மேல் அறிமுகப்படுத்தாதீர்கள்.

2. "எங்கேயிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. ஒக்காந்து யோசிச்சா ஒரு பேரும் வரமாட்டேங்குது."

நன்னூல் பெயர்ச்சொற்களை ஆறாகப் பிரிக்கிறது: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இந்தப் பட்டியல்தான் பெயர் தேட நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருவி. ஒரு தாளை ஆறு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பெயராவது எழுதுங்கள்.

கடல்நீரில் எரியும் விளக்கை எடுத்துக்கொள்வோம். பொருள்: சங்கைக் குடைந்து செய்தது, ஆகவே சங்ககல். இடம்: உப்பளத்தில் கிடைத்தது, உப்பளத்து விளக்கு. காலம்: காருவா அன்று, அதாவது அமாவாசை இரவில் மட்டும் எரியும், காருவா விளக்கு. சினை: திரி வைக்கும் மூக்கு ஒன்றே ஒன்று, ஒற்றைமூக்கி. குணம்: சுடர் நீலமாக எரியும், நீலி. தொழில்: எரிய எரிய நீரிலுள்ள உப்பைத் தின்றுவிடும், உப்புண்ணி.

இனி அடித்துக்கொண்டே வாருங்கள். நீலி என்றதும் பழிவாங்கும் பேயாகக் கதைகளில் வரும் பழையனூர் நீலி வந்து நிற்பாள், உங்கள் விளக்கு அவளுக்குப் பின்னால் மறைந்துவிடும். உப்பளத்து விளக்கு ஒரு விலாசம்தான், பெயராக நிற்காது. சங்ககல்லில் வேறொரு சிக்கல் இருக்கிறது, அது 6-இல் வரும். மிஞ்சுவதில் உப்புண்ணிக்குத்தான் எங்கள் ஓட்டு. அது விளக்கு என்றே சொல்லவில்லை, ஆனால் விளக்கு செய்யும் வேலையும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. உப்பைத் தின்கிற விளக்கை உப்பளக்காரர்கள் விரட்டுவார்கள் என்ற கதைமுடிச்சும் அங்கிருந்தே கிளம்புகிறது.

3. "தூய தமிழ்ல வெச்சா பாடப்புத்தகம் மாதிரி இருக்கு, வடமொழியில வெச்சா புராணம் மாதிரி இருக்கு. எதுதான் சரி?"

மொழியை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். பெயர் வைத்தது யார் என்பதை முடிவு செய்யுங்கள், மொழி தானாக அமையும். பினாகம், சார்ங்கம், காண்டீபம் என்ற விற்களின் பெயர்களும் பாஞ்சசன்னியம் என்ற சங்கின் பெயரும் துதிபாடுகிற வாயில் வளர்ந்தவை. முடக்கறுத்தான், தொட்டாற்சுருங்கி, கல்லுருக்கி, பேய்மிரட்டி என்பவை செடியைப் பறித்துப் பயன்படுத்தியவர்களின் வாயில் பிறந்தவை. இரண்டும் நல்ல பெயர்களே, பிறந்த இடம்தான் வேறு.

நிழலை வெட்டும் கத்தியைப் பாருங்கள். அதை அடித்த கொல்லர், முடக்கறுத்தான் என்ற அதே அச்சில் "நிழலறுத்தான்" என்பார். அரண்மனைப் புலவர் அதையே வடமொழியாக்கி "சாயாபேதினி" என்று செய்யுளில் ஏற்றுவார். நிழலைப் பறிகொடுத்தவர்கள் "தனியாக்கி" என்பார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு கூடவே நடக்க எதுவும் இல்லை. மூன்றும் அந்த உலகத்தில் ஒரே காலத்தில் வழங்கலாம். எங்கள் கடலூர் மாவட்டத்து விருத்தாசலமே அப்படித்தான். முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் மூன்றுக்கும் பொருள் ஒன்று: பழைய மலை. சொல்கிற வாய் மாறியதால் மூன்று பெயர்.

இரண்டு மொழிகளின் காதிலும் ஒலிக்கும் பெயர் அமைந்தால் அதிர்ஷ்டம். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியில் "சுரபி" வடமொழியில் பசு, தமிழ்க் காதுக்கோ "சுரத்தல்" கேட்கிறது. எதைக் கேட்டாலும் பாத்திரம் நிறைகிறது.

4. "பேர்லயே சக்தியைச் சொல்லிட்டா சஸ்பென்ஸ் போயிடாதா?"

முழுவதையும் சொன்னால் போகும். பாதியைச் சொன்னால் கூடும். முடக்கறுத்தான் முடக்கை அறுக்கும் என்று தெரிகிறது, எப்படி என்று தெரிவதில்லை. பெயர் "என்ன" என்பதைச் சொல்லட்டும், "எப்படி", "எந்த விலைக்கு" என்பவை கதைக்கு.

இன்னொரு வழி, நேரான பெயரையே மாயம்போல ஒலிக்க வைப்பது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நுந்தா விளக்குக்கு (அணையாமல் எரியும் விளக்கு) 96 ஆடுகள் கொடுத்த செய்தி அடிக்கடி வரும். அந்த ஆடுகளுக்குப் பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடு என்றதும் யாருக்கும் மயிர் கூச்செறியும். விஷயம் எளிமையானது: செத்த ஆட்டுக்குப் பதிலாகப் பிறந்த குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை என்றும் குறையாமல் இடையர் பார்த்துக்கொள்ள வேண்டும். அது கணக்குக்கு வைத்த பெயர். வடலூரில் 1867-இல் வள்ளலார் ஏற்றிய அணையா அடுப்பும் இப்படித்தான். இடைவிடாமல் விறகு வைக்கும் கைகள் இருப்பதால் அது அணையவில்லை. உங்கள் உலகத்திலும் மாயம்போல ஒலிக்கும் ஒரு பெயருக்குப் பின்னால் மனித உழைப்பை வைத்துப் பாருங்கள். அதற்குப் பக்கத்திலேயே ஓர் உண்மையான மாயப்பொருள் இருந்தால் வாசகர் இரண்டையும் கூர்ந்து கவனிப்பார்.

5. "வாள், மோதிரம், கோல். இதைத் தாண்டி வேற என்ன பொருளுக்குத்தான் பேர் வைக்கிறது?"

இந்தக் கேள்வி எங்களுக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. நிகண்டை, அதாவது பழைய செய்யுள் அகராதியைத் திறவுங்கள். சேந்தன் திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் ஏழாவது "செயற்கைவடிவப் பெயர்த் தொகுதி". மனிதர் கையால் செய்த பொருள்களுக்கென்றே ஒரு தொகுதி: ஆயுதம், அணிகலன், இசைக்கருவி, வீட்டுச் சாமான் எல்லாம் வரிசையாக நிற்கும். கூடவே 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை வைத்துக்கொண்டால் ஒரு மழைக்காலம் போவதே தெரியாது.

அளவைக் கருவிகளை மறக்காதீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு "ஆடவல்லான்" என்று பெயர், மணிகளை நிறுத்த கல்லுக்கு "தட்சிணமேருவிடங்கன்". ஆடவல்லான் யார் என்று சிதம்பரம் இருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூத்தனின், அதாவது நடராசரின் பெயரை ஏற்ற எடைக்கல்லில் ஒரு குன்றிமணி ஏமாற்றினாலும் யாரை ஏமாற்றியதாக ஆகும் என்று யோசியுங்கள். நிலத்தை அளந்த கோலுக்கு "உலகளந்த கோல்". பொய் எடை காட்டாத ஒரு தராசுக்கல், அளந்த நிலம் மறுபடி சுருங்காத ஒரு கோல், இவை பத்து மந்திர வாள்களைவிட அதிகச் சண்டையைக் கதைக்குள் கொண்டுவரும். "ஆடவல்லான் என்னும் கல்" என்கிற அந்த அமைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். "இன்னது என்னும் இன்ன பொருள்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும், விளக்கப் பத்தி தேவையில்லை.

அரிக்கமேட்டு மணிகளும் ஒரு வழி காட்டுகின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்தில், 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்த மேட்டில் கண்ணாடி மணி செய்தார்கள். உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, ஆறியபின் சின்னச் சின்னத் துண்டுகளாக அறுப்பது முறை. ஒரே குழலில் அறுத்த மணிகள் அண்ணன் தம்பி மாதிரி. உங்கள் உலகத்தில் ஒரு மணி உடைந்தால் அதே குழலின் மற்ற மணிகளிலும் கீறல் விழும் என்று வைத்தால், பெயர் மணிக்கு வராது, குழலுக்குத்தான் வரும். மணியை "மூன்றாம் அறுப்பு", "கடையறுப்பு" என்பார்கள். செய்முறை தெரிந்தால் பெயரிடும் முறையும் கூடவே வந்துவிடும். வில்லியனூர் சுடுமண் வேலையையோ கொல்லர் துருத்தியையோ அரைநாள் உட்கார்ந்து பாருங்கள், கைவேலைக்காரர்கள் பாகங்களுக்குச் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. "ரெண்டு சொல்லை ஒட்டினா ஏதோ தப்பாவே தெரியுது. நடுவுல ஒற்று போடணுமா, வேணாமா?"

நான்கு விதிகள் தெரிந்தால் பெரும்பாலான பெயர்களைச் சமாளிக்கலாம். வினைத்தொகையில் ஒற்று மிகாது: சுடுகல், ஊதுகொம்பு. மூன்று காலத்துக்கும் பொருந்துவதால் மாயப்பொருளுக்கு வினைத்தொகை மிகவும் ஏற்றது. சுட்ட கல், சுடுகின்ற கல், சுடப்போகும் கல் மூன்றும் அதுதான். "-ஆ" என்று முடியும் எதிர்மறையில் ஒற்று மிகும்: செல்லாக்காசு போல அணையாத்திரி. "அணையாத" என்று நீட்டினால் மிகாது: அணையாத திரி. உப்பு மாதிரி வல்லின ஒற்றுக்குப் பின் உகரம் வந்து முடியும் சொல்லில் மிகும்: உப்புக்கல். கருமை, செம்மை போல நிறம், தன்மை சேரும்போது "மை" போய் மெய் மாறும்: கருங்கயிறு, செங்கழி.

லகரத்தில் முடியும் சொற்களில்தான் பலர் விழுகிறார்கள். நிழல் + கத்தி = நிழற்கத்தி. இது அழகாகவே இருக்கிறது. கடல் + தீ = கடற்றீ. இலக்கணப்படி சரி, ஆனால் வாசகர் அந்த இடத்தில் தடுக்கி விழுவார். அப்போது இலக்கணத்தோடு சண்டை போடாமல் சொல்லை மாற்றுங்கள்: கடலெரி.

ஒட்டிய சொல்லை வேறு விதமாகப் பிரித்துப் படிக்க முடியுமா என்றும் பாருங்கள். 2-இல் வந்த சங்ககல்லைச் சங்கு + அகல் என்று நினைத்து எழுதினோம். படிப்பவரோ சங்க + கல் என்று பிரித்து, ஏதோ சங்ககாலக் கல் என்று நினைப்பார். எழுதியதை ஒருநாள் மூடி வைத்துவிட்டு, மறுநாள் விஷயம் தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

7. "வேற இனத்து மொழின்னு காட்டறதுக்கு க்ஷ, ஹ், ஸ்னு போட்டுக்கிட்டே இருக்கேன். படிக்கிறவங்க சிரிக்கிறாங்க."

கிரந்த எழுத்தைக் குவித்தால் வடமொழி வாடைதான் வரும், அந்நிய வாடை வராது. தமிழின் ஒலி விதியை மீறுங்கள், அது போதும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. க், ச், ட், த், ப், ற் கடைசியில் வராது. ஆகவே "லொரட்", "டெர்கப்" என்று எழுதினாலே அது வெளியூர்ச் சொல் என்று காது சொல்லிவிடும். அந்த இனத்துக்கென்று எட்டு அல்லது பத்து மெய்யெழுத்துகள், இரண்டே இரண்டு ஈறுகள் என்று ஒரு வரம்பு வைத்து, அதற்குள்ளேயே எல்லாப் பெயர்களையும் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: க-வை வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் படிக்கலாம் என்பதால், அந்த ஒலி வேறுபாட்டை மட்டும் நம்பி இரண்டு பெயர்களைப் பிரிக்காதீர்கள்.

அடுத்த படிதான் சுவையானது. உள்ளூர் வாய் அந்தப் பெயரைச் சும்மா விடாது. லோகம் உலகமானது, ரங்கன் அரங்கன் ஆனான். டெர்கப் என்ற இரும்பு வளையம் துறைமுகத்தில் இறங்குகிறது. முதலில் தெர்கப்பு, பிறகு தெருக்காப்பு. காப்பு என்றால் வளையல், காவல் இரண்டும் ஆயிற்றே! இரண்டு தலைமுறையில் அதைத் தெருமுனையில் கட்டித் தொங்கவிடுவார்கள். அது உண்மையில் எதற்குச் செய்யப்பட்டது என்பது கொண்டுவந்தவர்களுக்கு மட்டும் தெரியும். எதிர்த்திசையிலும் இது நடக்கும். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் "கேட்டமரான்" ஆகி, இன்று கட்டவும் மரமும் இல்லாத படகுகளுக்கும் அந்தப் பெயர்தான்.

8. "ரொம்பப் பழைய பொருள்னு பேரை வெச்சே காட்ட முடியுமா?"

முடியும். முழுப்பெயரை உருவாக்கி, பிறகு நீங்களே தேயுங்கள். தேய்ந்த பெயரை யோசித்துக் கண்டுபிடிக்க முயன்றால் போலியாக இருக்கும். நம் ஊர்களைப் பாருங்கள். வீரநாராயணன் என்ற பராந்தக சோழனின் பட்டப்பெயரால் வந்த ஏரி வீராணம் ஆயிற்று. திருவகீந்திரபுரம் திருவந்திபுரம் ஆயிற்று. திருப்பாதிரிப்புலியூர் பேச்சில் திருப்பாப்புலியூர் ஆயிற்று. நடுவில் இருந்த பாதிரி மரத்தில் பாதி போய்விட்டது.

தேய்மானத்துக்கு ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் நடு அசைதான் முதலில் விழும், தலை தங்கும். ஐகாரம் குறுகி அகரமாகும். இகரத்தை அடுத்த "த்த" பேச்சில் "ச்ச" ஆகும், அடித்தான் அடிச்சான் ஆவது போல. அலையை நிறுத்தும் கழிக்கு முதல் பெயர் "அலைமறித்தான்". பேச்சில் "அலமறிச்சான்". பேரன் காலத்தில் "அலமறி". கோயில் ஏட்டில் முதல் வடிவம், கிழவர்கள் வாயில் இரண்டாவது, சிறுவர்கள் வாயில் மூன்றாவது என்று மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தால் காலம் தானாகத் தெரியும். தேய்ந்த பிறகு புது அர்த்தம் ஏறுவதும் உண்டு. ஆறுகள் கூடுமிடம் என்ற கூடலூர்தான் ஆங்கில எழுத்துக்கூட்டல் வழியாகக் கடலூர் ஆகியிருக்கிறது. எதிரிலேயே கடல் இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

9. "ஒரே பொருளுக்கு மூணு பேர் வெச்சா வாசகர் குழம்ப மாட்டாரா?"

3-இலும் 8-இலும் சொன்னதைப் படித்துவிட்டுப் பலரும் கேட்பது இது. கதைசொல்லி கடைசி வரை ஒரே பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும். மற்ற பெயர்கள் பேச்சில் மட்டும் வரட்டும். இரண்டாவது பெயர் முதன்முதலில் வரும் இடத்தில் பொருள் கண்ணெதிரே இருக்க வேண்டும்: கிழவி கத்தியைப் பார்த்து "தனியாக்கியை ஏன்டா வீட்டுக்குள்ள கொண்டாந்த?" என்று கேட்டால் போதும், விளக்கம் வேண்டாம். மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.

10. "பத்துப் பொருளுக்கும் பேர் ஒரே குடும்பம் மாதிரி தெரியணும், ஆனா ஒரே மாதிரி இருக்கக் கூடாது. எப்படி?"

ஒலியால் கட்டாமல் பொருளால் கட்டுங்கள். அமுதசுரபியைச் சுற்றியுள்ள பெயர்களைப் பாருங்கள்: அதை முதலில் வைத்திருந்தவன் ஆபுத்திரன், பாத்திரம் சுரபி, அது எழுந்து வரும் பொய்கை கோமுகி. ஆ, சுரபி, கோ. மூன்று பெயரிலும் பசு நிற்கிறது, ஒலியில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. உங்கள் உலகத்துக்கும் அப்படி ஒரு மறைந்த இழையைத் தேர்ந்துகொள்ளுங்கள். கடலோர உலகம் என்றால் உப்போ காற்றோ இழையாகலாம். கொண்டல் கிழக்குக் காற்று, கோடை மேற்குக் காற்று, வாடை வடக்கு, தென்றல் தெற்கு. நான்கு காற்றுக்கும் நான்கு பொருள்கள் என்று தொடங்கினாலே பாதி உலகம் வரைந்தாயிற்று.

எல்லாப் பெயரும் "-உண்ணி" என்றோ எல்லாம் "-அறுத்தான்" என்றோ முடிவது கடைச் சரக்கு வரிசை மாதிரி தெரியும். ஒரே ஈறு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

11. "பேர் தனியா நல்லாத்தான் இருக்கு. வாக்கியத்துல போட்டா ஒட்டவே மாட்டேங்குது."

வேற்றுமை உருபுகளைச் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உப்புண்ணியை, உப்புண்ணியால், உப்புண்ணிக்கு, உப்புண்ணியில்: வடிவம் கெடவில்லை. "-அம்" என்று முடியும் பெயர்கள் உருபு ஏறினால் உருமாறும்: காண்டீபம், காண்டீபத்தை, காண்டீபத்தால். பழகிய பெயருக்கு அது பரவாயில்லை. நீங்கள் புதிதாகச் செய்த பெயர் என்றால், இரண்டாவது முறை வரும்போதே வாசகருக்கு அடையாளம் தப்பும். இகர ஈறும் ஐகார ஈறும் பாதுகாப்பானவை.

நீளம் நான்கு முதல் ஆறு எழுத்து வசதி. நிழலறுத்தான் ஏழு எழுத்து. சண்டைக் காட்சியில் அது கனக்கும், ஆகவே பேச்சில் "அறுத்தான்" என்று சுருங்க இடம் கொடுங்கள்.

12. "நிழலறுத்தான்னு ஆம்பளைப் பேர் மாதிரி வெச்சிட்டேன். 'உடைந்தான்'னு எழுதணுமா, 'உடைந்தது'ன்னா?"

"உடைந்தது". முடக்கறுத்தான் கசந்தான் என்று யாரும் சொல்வதில்லை, கசந்தது என்றுதான் சொல்வார்கள். "-ஆன்" ஈறு இருந்தாலும் அஃறிணை முடிவுதான் கதைசொல்லிக்கு இயல்பு.

இந்த இடத்தில் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. கத்தியோடு முப்பது வருடம் வாழ்ந்த கொல்லர் மட்டும் "அறுத்தான் இன்னிக்கு எழுந்திருக்க மாட்டேங்கிறான்" என்று உயர்திணையில் பேசட்டும். அந்தக் கத்திக்கு உயிர் இருக்கிறதா என்ற கேள்வி ஒரு வினைமுற்றிலேயே எழுந்துவிடும். அப்படியானால் அதை அவர் ஒருவருக்கே ஒதுக்குங்கள். கதைசொல்லி தவறிப்போய் ஒருமுறை "உடைந்தான்" என்று எழுதினாலும் இந்த நுட்பம் வீணாகும். பிழைதிருத்தும்போது இதற்காகவே தனியாக ஒருமுறை படியுங்கள்.

13. "கதாபாத்திரங்களுக்கே பேரோட காரணம் தெரியணுமா? எனக்குத் தெரிஞ்சா போதாதா?"

உங்களுக்கு முழுவதும் தெரிய வேண்டும், அவர்களுக்குப் பாதி. இலக்கணத்தில் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று இரண்டு உண்டு. நடைமுறையில், காரணம் மறந்துபோன காரணப்பெயர்கள் இடுகுறி போலவே வழங்கும். கடலூரில் கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளியபோது, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவர் கரையேறிய இடம் என்பது மரபு. பெயரை உற்றுப் பாருங்கள்: யார் கரையேறினார், யார் ஏறவிட்டார், எதில் வந்தார், ஒன்றும் இல்லை. பெயர் வைத்த நாளில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் சொல்ல அவசியம் இருக்கவில்லை. மிஞ்சியது வினை மட்டும். தெரியாத ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டால் "யாரை?" என்று கேட்காமல் இருக்க முடியாது.

உங்கள் பொருளின் பெயரிலும் எழுவாயையோ செயப்படுபொருளையோ விட்டுவிடுங்கள். "அலைமறித்தான்" என்பதில் எந்த அலை, யாருக்காக என்று இல்லை. குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நான்கு கட்டம் போட்டு வையுங்கள்: வைத்தவர் யார், அன்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்ன, இன்று யாருக்கு எவ்வளவு தெரியும், தவறாக நம்பப்படுவது என்ன. கடைசிக் கட்டம்தான் கதையில் அதிகம் உதவும்.

14. "பார்வதியோட, பெருமாளோட ஆயுதப் பேரை அப்படியே எடுத்துக்கலாமா?"

வேண்டாம். சுதர்சனம் என்று எழுதியவுடன் வாசகர் தன் மனதிலுள்ள முழுக் கதையையும் கொண்டுவந்து வைத்துவிடுவார், உங்கள் சக்கரத்துக்கு இடம் இருக்காது. வழிபாட்டில் இருக்கும் பெயரை வில்லன் கையில் கொடுப்பது மனதையும் புண்படுத்தும். அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பெயரை விடுங்கள். ஊர்க்காவல் தெய்வங்களுக்கும் இதே மரியாதை வேண்டும். முடிவு செய்யுமுன் பேரகராதியில் ஒருமுறை, இணையத்தில் ஒருமுறை தேடி, வேறு வட்டாரத்துக்காரர் ஒருவரிடமும் சொல்லிப் பாருங்கள். ஒரு ஊரில் வீரமான சொல் இன்னொரு ஊரில் வசவாக இருக்கும்.

15. "பொருள் உடைஞ்சிடுச்சு, இல்லன்னா கை மாறிடுச்சுன்னா பேரும் மாறுமா?"

கை மாறினால் புதுக் கை ஒரு பெயர் சேர்க்கும், பழைய பெயர் போகாது. 9-இல் சொன்ன வரம்புக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்தால்தான் யோசிக்க வேண்டும். துண்டு சின்னது, பயனற்றது என்றால் சினைப்பெயர் ஆகும்: பிடி, முனை, மூக்கு. துண்டுக்கும் பழைய சக்தியில் கொஞ்சம் இருந்தால், தேய்ந்த பெயர் அதற்குப் போகும், முழுப்பெயர் முழுமையாக இருந்த காலத்தோடு நின்றுவிடும்.

பொருளே காணாமல் போனாலும் பெயர் நிலத்தில் தங்குவது உண்டு. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலமும் சேர்த்தி என்பது ஒப்பந்தம். சுற்றிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். பீரங்கி போய்விட்டது, கோட்டையும் போய்விட்டது, ஊர்களுக்கு அந்தப் பெயர் நின்றது. நம் கழிக்கும் இதைச் செய்யலாம். அலையை நிறுத்தும்போது அது நடுவில் முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையோடு வந்த மேல்பாதி "அலமறி" என்ற பெயரில் யார் யாரிடமோ சுற்றட்டும். மணலில் நட்டபடி நின்றுவிட்ட அடிப்பாதி மக்கிப் போகட்டும். அலை இன்றும் ஏறாத அந்த இடத்துக்கு அலமறிமேடு என்று பெயர்.